சத்தம் மட்டும் பார்த்தது

அவர் பெயரை நான் எழுதப் போவதில்லை. எழுதினாலும் கொல்லிமலையில் பாதிப் பேருக்கு ஆள் பிடிபடாது. செம்மேடு பஸ் ஸ்டாண்டில் இறங்கி, "லோடுக்காரர் ஊடு எங்கீங்க?" என்று கேட்டால்தான் டீக்கடையில் இருப்பவர்கள் கையை நீட்டுவார்கள். லாரிக்கு மூட்டை ஏற்றுகிறவர் என்று நினைத்துவிடாதீர்கள். ஜெனரேட்டர் பார்க்கிறவர். பாங்கு, செல்போன் டவர், இரண்டு விடுதிகள், எங்கள் ஆஸ்பத்திரி என்று, கரண்டு போனால் மலையில் உறுமுகிற எஞ்சின் எல்லாம் அவர் கைபட்டதுதான். எதைக் காட்டினாலும் "லோடு ஏத்திப் பாத்தீங்களா?" என்று கேட்பார். அந்தக் கேள்வியே அவருக்குப் பெயராகிவிட்டது.

மலையில் சில ஊர்கள் சேர்ந்ததை நாடு என்பார்கள். அப்படித் திண்ணனூர் நாட்டில் ஒரு டிரஸ்டு நடத்திய பன்னிரண்டு கட்டில் ஆஸ்பத்திரியில் நான் நர்ஸாக இருந்தேன். அடிவாரத்துக்காரி. எங்கள் வீட்டில் கடலையும் சோளமும் போடுவார்கள்; என்னைப் படிக்கப் போட்டார்கள். அவர் மலையிலேயே பிறந்தவர். அவர் வீட்டுக்கு மிளகுக் கொடியும் மரவள்ளிக் கொல்லையும் இருந்தன. நாமக்கல் லாரிப் பட்டறைகளில் எஞ்சின் வேலை கற்றுக்கொண்டு திரும்பி வந்திருந்தார். என்னைவிட ஆறு வயது இளையவர். தலையைப் பார்த்தால் பத்து வயது மூத்தவர் என்று சொல்லலாம், அப்படி ஒரு வழுக்கை. சட்டைப் பையில் பேனா இருக்க வேண்டிய இடத்தில் ஒரு டெஸ்டரும், தீப்பெட்டி அளவில் ஒரு பிளாஸ்டிக் டப்பாவும் இருக்கும். வெற்றிலைக்குச் சுண்ணாம்பு வைத்திருக்கிறார் என்று நானாக நினைத்துக்கொண்டேன்.

முதல்முறை அவரைச் சண்டை போடத்தான் போய்ப் பார்த்தேன். வேலையில் சேர்ந்து மூன்றாம் நாள், வியாழக்கிழமை. தடுப்பூசிக் குளிர்ப்பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்து நோட்டில் குறித்துக்கொண்டிருந்தேன். எல்லா விளக்கும் அணைந்தது. மலையில் கரண்டு போவது அதிசயமா என்று சும்மா இருந்தேன். கூட்டிக்கொண்டிருந்த பாப்பாத்தியக்கா துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு, "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று எண்ண ஆரம்பித்தாள். பிரசவ அறையிலிருந்து இன்னொரு குரலும் எண்ணியது. முப்பதைத் தொடுவதற்குள் பின்பக்கம் எஞ்சின் உறுமி, விளக்கு வந்தது.

"இன்னிக்கு இருவத்தி நாலு" என்று சொல்லிவிட்டு அவள் துடைப்பத்தை எடுத்துக்கொண்டாள்.

எனக்கு விளங்கவில்லை. பின்பக்கக் கொட்டகைக்குப் போனேன். அங்கே ஒருவர் மெயின் கைப்பிடியைக் கீழே இறக்கி வைத்துவிட்டு, வோல்ட் மீட்டரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"கரண்டு போகலையா?" என்று கேட்டேன்.

"இல்லீங்க சிஸ்டர். நாந்தான் எறக்குனேன்."

"எதுக்கு?"

"வருதான்னு பாக்கத்தானுங்க."

"சொல்லிட்டுச் செய்யக் கூடாதா?"

"கரண்டு என்ன சொல்லிக்கிட்டா போவுது?"

விடுவிடுவென்று வார்டுக்குத் திரும்பி வந்துவிட்டேன். அன்றிலிருந்து வியாழக்கிழமை என்றாலே எனக்கு ஆகாது.

மலையில் எல்லோரும் ஜெனரேட்டரைக் காதால்தான் சோதிப்பார்கள். வாரத்துக்கு ஒருமுறை சாவியைத் திருப்பி, நாலு வீட்டுக்குக் கேட்கிற மாதிரி ஓடவிட்டு, "ஜம்முனு இருக்குது" என்று அணைத்துவிடுவார்கள். விளக்கு, மோட்டார் எதையும் அதன்மேல் போட மாட்டார்கள். டீசல் மிச்சம், மெஷினுக்கும் சிரமமில்லை என்று கணக்கு. இதைக் கேட்டால் அவருக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"மாடு நடக்குதுன்னா ஏரு உழுவுதுன்னு அர்த்தமாங்க சிஸ்டர்? கொழு மண்ணுல எறங்கோணும். அப்பத்தான் மாடு இழுக்குதா, படுத்துக்குதான்னு தெரியும். சத்தம், தகர டப்பாவுல கல்லப் போட்டு ஆட்டுனாலும் வருமுங்க."

ஒருநாள் இதை எனக்கு நிரூபித்தும் காட்டினார். நான் கேட்கவில்லை, என் முகத்தில் நம்பிக்கை இல்லாதது அவருக்குப் பிடிக்கவில்லை. கம்பிச் சுற்றில் ஈரம் ஏறியிருக்கிறதா என்று பார்க்க அவரிடம் ஒரு பெட்டி உண்டு. பக்கத்தில் ஒரு கைப்பிடி, அதைச் சுற்றினால் பெட்டிக்குள்ளேயே கரண்டு பிறக்கும். இரண்டு ஒயர் வெளியே தொங்கும். என்னைச் சுற்றச் சொன்னார். தயிர் கடைவதைவிடச் சுலபமாகச் சுற்றியது. நான் சுற்றிக்கொண்டிருக்கும்போதே இரண்டு ஒயர் முனைகளையும் ஒன்றாகச் சேர்த்துப் பிடித்தார். கைப்பிடி யாரோ எதிர்ப்பக்கமிருந்து பிடித்த மாதிரி கனத்துவிட்டது. ஒயரைப் பிரித்தார், லேசானது. சேர்த்தார், மறுபடி கனம்.

"இப்ப நீங்கதான் எஞ்சினு. உள்ளார ஒருத்தரு சுவிட்சப் போட்டா இங்க உங்களுக்குக் கை வலிக்கும். கை வலிக்காம ஓடுனா அது ஓட்டமே இல்லீங்க."

சுவிட்சைப் போட்டால் விளக்கு எரியும் என்று மட்டும்தான் அதுவரை எனக்குத் தெரியும். அந்த வெளிச்சத்தை எங்கோ ஒன்று மூச்சுப் பிடித்து இழுத்துக்கொண்டிருக்கிறது என்பது என் உள்ளங்கைக்கு அன்றுதான் தெரிந்தது. அவரிடம் அதைச் சொல்லவில்லை. "சரி, சரி, வேலையைப் பாருங்க" என்று வந்துவிட்டேன்.

இன்னொரு நாள் மெஷினின் பின்மூடியைக் கழற்றி வைத்திருந்தார். எட்டிப் பார்த்தேன். உள்ளே சுற்றுவது காந்தம், சுற்றி நிற்பது செம்புக் கம்பி, காந்தம் கம்பியைக் கடந்து ஓடும்போது கம்பியில் கரண்டு பிறக்கிறது என்றார். அதுவரை பள்ளிக்கூடப் பாடம்தான். அடுத்து அவர் சொன்னது எனக்குப் புதிது.

"ஆனா இது பொறந்த காந்தமில்லீங்க. இதுக்குக் கரண்டு குடுத்துக்கிட்டே இருந்தாத்தான் காந்தம். சுத்தறதுல ஒயரக் கட்ட முடியுங்களா, முறுக்கிக்குமில்ல? அதுக்குத்தான் இந்த ரெண்டு கரித்துண்டு. சுத்தற வளையத்து மேல ஒரசிக்கிட்டே சோறு ஊட்டும்."

அதைப் பிரஷ் என்கிறார்கள். பல் விளக்குகிற மாதிரி ஏதோ இருக்கும் என்று தேடினேன். கட்டைவிரல் கணு அளவுக்குக் கறுப்பாக ஒரு கட்டி, அதன் முதுகில் ஒரு ஸ்பிரிங். பென்சிலைப் போல அது உரசி உரசித் தேயும் என்றார். ரொம்பத் தேய்ந்துவிட்டால் ஸ்பிரிங் எட்டாது, கரி வளையத்தில் அழுந்தாது, காந்தம் பட்டினி கிடக்கும்.

அந்த மெஷினுக்கு அவர் செய்த பணிவிடைகளை எங்கள் வார்டில் எந்த நோயாளிக்கும் செய்ததில்லை. ஐப்பசி, கார்த்திகையில் மூடுபனி ஜன்னல் வழியாக உள்ளே வந்து படுக்கைமேல் உட்காரும். அந்த மாதங்களில் மெஷினின் வயிற்றுக்குள் ஒரு குண்டு பல்பை எரியவிட்டு, மேலே சாக்குப் போட்டு மூடுவார். கம்பியில் ஈரம் சேரக் கூடாதாம்.

"பெத்த பொம்பளைக்கு ஹீட்டர் கேட்டு நான் ஆறு மாசமா எழுதிட்டிருக்கேன். உங்க எஞ்சினுக்கு மட்டும் கணப்பா?" என்றேன்.

"அதுக்குச் சளி புடிச்சா உங்க ஹீட்டரும் படுத்துக்குமுங்க" என்றார். சிரிக்கவில்லை. அவர் சிரித்து நான் பார்த்தது மொத்தமே ஒரே ஒரு முறைதான்.

இந்தப் புத்தி எஞ்சினோடு நின்றிருந்தால் பரவாயில்லை. குடை வாங்கினால் கடைக்காரரிடம் வாளித் தண்ணீர் கேட்பார். நாற்காலி வாங்கப் போகும்போது நூறு கிலோ இருந்த தன் தாய்மாமனைக் கூட்டிக்கொண்டு போனார் என்று செம்மேட்டில் சொல்வார்கள். ஆலத்தூர் நாட்டில் ஒரு கோயில் திருவிழாவுக்கு வாடகை ஜெனரேட்டர் வந்தபோது, பட்டப்பகல் பன்னிரண்டு மணிக்கு அத்தனை சீரியல் பல்பையும் போடச் சொன்னார். வெயிலில் பல்பு எரிவதைப் பார்த்து ஊரே சிரித்தது. கால் மணி நேரத்தில் ஒரு ஒயர் உருகி நாற்றம் வந்தது. சிரித்தவர்கள் வாயை மூடிக்கொண்டு வேறு ஒயர் வாங்கப் போனார்கள்.

எனக்கு ரொம்பப் பிடித்தது அவர் தங்கைக்கு மாப்பிள்ளை பார்த்த கதை. பாப்பாத்தியக்கா அதை எப்போது சொன்னாலும் உட்கார்ந்து கேட்பேன். மாப்பிள்ளையாக வருகிறவரை, பேச்சுவார்த்தைக்கு முன்னால், மிளகு மூட்டை ஏற்ற வரச் சொன்னார். கொல்லையிலிருந்து ரோட்டுக்கு நல்ல மேடு. முதல் மூட்டை, இரண்டாவது, மூன்றாவது. இவர் மேட்டில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டேயிருந்தார். நான்காவது மூட்டையைப் பாதி வழியில் இறக்கி வைத்துவிட்டு அந்தப் பையன், "ஏனுங்க மச்சான், ஒக்காந்து பாத்தா ஆச்சுங்களா? இத நீங்க தூக்குங்க" என்றானாம். அன்று சாயங்காலமே வெற்றிலை பாக்கு மாற்றிவிட்டார்கள்.

"சும்மா இருக்கறப்ப எல்லாரும் நல்லவிங்கதானுங்க" என்பார். "பாரம் ஏறுறப்ப என்ன பேசறாங்கன்னு பாக்கோணும்."

பாரம் எனக்கும் ஏறியது. நான் என்ன பேசினேன் என்பதைச் சொல்லத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

ஒரு வியாழக்கிழமை. இரண்டு கிலோகூட நிறையாத பச்சைக்குழந்தை, பிறந்து இரண்டு நாள், சூட்டு விளக்கின் அடியில் கிடந்தது. அதன் கையில் மருந்து ஏற்ற நரம்பு தேடிக்கொண்டிருந்தேன். கிள்ளினால் காணாமல் போகிற நரம்பு. ஊசி உள்ளே போகிற நேரத்தில் அறை இருண்டது. என் கை நகர்ந்துவிட்டது. விளக்கு வருவதற்குள் அந்தக் கை வீங்கிவிட்டது. மறுபடி இரண்டு இடத்தில் குத்தினேன். குழந்தை கத்தியதைவிட வெளியே அதன் அம்மா கத்தியதுதான் அதிகம்.

கொட்டகைக்குப் போய்ச் சண்டை போடவில்லை. மேஜையில் உட்கார்ந்து, அடிவாரத்தில் இருந்த மேனேஜருக்கு ஒரு புகார் எழுதினேன். "முன்னறிவிப்பு ஏதுமின்றி மின்சாரத்தை நிறுத்துவதால் நோயாளிகளின் உயிருக்கு ஆபத்து" என்று ஒன்றரைப் பக்கம். இன்றைக்கும் அந்தக் கோபம் நியாயமானதுதான் என்று சொல்வேன். எழுதியதில் ஒரு வார்த்தையும் பொய்யில்லை.

மேனேஜர் உத்தரவு வந்தது. இனிமேல் மெயினை இறக்கக் கூடாது. வாரம் ஒருமுறை எஞ்சினை மட்டும் பத்து நிமிடம் ஓட்டினால் போதும். அதை ஒரு நோட்டில் எழுதி, அன்றைக்கு வேலையில் இருக்கிற சிஸ்டரிடம் கையெழுத்து வாங்க வேண்டும்.

அவர் வியாழக்கிழமை வந்தார், எஞ்சினை ஓட்டினார், நோட்டில் கோணல் எழுத்தில் எழுதினார்: "எஞ்சின் ஓட்டம் பத்து நிமிடம். சத்தம் மட்டும் பார்த்தது."

கோடு போடாமல் நோட்டில் கையெழுத்துப் போட எனக்கு வராது. அதற்கென்று ஒரு மர ஸ்கேல் வைத்திருந்தேன். கோடு போட்டேன், கையெழுத்துப் போட்டேன். அடுத்த வாரமும் அதே வரி. மூன்றாம் வாரம் எனக்குப் பொறுக்கவில்லை.

"'நல்ல நிலையில் உள்ளது'ன்னு எழுதுங்களேன். எல்லா நோட்டுலயும் அப்படித்தான் எழுதுவாங்க."

"அது எனக்குத் தெரியாதுங்களே சிஸ்டர்."

அப்படியே ஒன்பது வாரம். ஒன்பது முறை "சத்தம் மட்டும் பார்த்தது", ஒன்பது முறை அதன் கீழே என் கையெழுத்து. பாப்பாத்தியக்காவும் எண்ணுவதை மறந்துவிட்டாள். வியாழக்கிழமைகள் எனக்கு நிம்மதியாக இருந்தன.

அந்த ஒன்பதாவது வியாழனுக்கு அடுத்த சனிக்கிழமை. மதியத்திலிருந்து பேய்மழை. பெரிய டாக்டரம்மா இருந்தார், நல்ல வேளை. திண்ணனூர் நாட்டின் உள் குக்கிராமம் ஒன்றிலிருந்து ஒரு பெண்ணைப் பிரசவத்துக்குக் கொண்டுவந்திருந்தார்கள். தலைச்சன். வலி எடுத்துப் பதினாறு மணி நேரம் ஆகியிருந்தது. குழந்தையின் இதயத் துடிப்பு இறங்கி இறங்கி ஏறியது. கீழே அனுப்பலாம் என்று ஆம்புலன்ஸைக் கேட்டால், மலைப்பாதையில் கொண்டை ஊசி வளைவில் மரம் விழுந்து வழி அடைத்துவிட்டது, காலையில்தான் எடுப்பார்கள் என்றார்கள். மூன்று மணி சுமாருக்குக் கரண்டு போனது.

யாரும் பதறவில்லை. பாப்பாத்தியக்கா ஓடிப்போய்ச் சாவியைத் திருப்பினாள். எஞ்சின் எடுத்த எடுப்பில் பிடித்தது. மழைச் சத்தத்தையும் மீறி அது உறுமியபோது எனக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்தது என்று சொல்ல முடியாது. அவள் கைப்பிடியை ஜெனரேட்டர் பக்கம் தள்ளினாள்.

விளக்குகள் வந்தன. வந்த வேகத்தில் மங்கி, அடுப்பில் அணையப்போகிற கங்கு மாதிரி சிவந்து நின்றன. சூட்டு விளக்கு சுடவில்லை. குழந்தையின் வாயிலிருந்து சளி உறிஞ்சுகிற மெஷின் 'ம்ம்' என்று முனகிவிட்டு நின்றது. இன்வெர்ட்டர் ஒன்று இருந்தது, அது முன்னறையில் இரண்டு பல்புக்கு மேல் தாங்காது. எஞ்சின் மட்டும் குறையே இல்லாமல் உறுமிக்கொண்டிருந்தது.

அவருக்குப் போன் போட்டேன். "சத்தம் நல்லா இருக்கு. வெளிச்சம் இல்லை" என்றேன். சொல்லும்போதே என் நாக்கு எனக்குக் கசந்தது.

"கெய்சரு, ஊசி வேக வெக்கற பொட்டி, தண்ணி மோட்டாரு எல்லாத்தையும் நிறுத்துங்க. ஒத்த லைட்டு போதும். வாரனுங்க."

ஆறு கிலோமீட்டர், அந்த மழையில், பைக்கில். எப்படி வந்தார் என்று தெரியாது. கொட்டகையில் ஆள் சத்தம் கேட்டபோது குழந்தையின் தலை வெளியே வந்துகொண்டிருந்தது. ஆண் குழந்தை. நீலமாக, துவண்டு கிடந்தது, அழவில்லை. டாக்டரம்மா துடைத்துத் தேய்த்துப் பார்த்தார். அசையவில்லை. நான் சின்ன முகமூடியை வைத்துக் கையால் காற்று அமுக்கினேன். தொண்டையில் அடைத்திருந்தது. சளி எடுக்கும் மெஷின் வேண்டும், வெளிச்சம் வேண்டும், சூடு வேண்டும்.

பாப்பாத்தியக்கா நனைந்து ஓடிவந்தாள். "பிரஷ்ஷு தேஞ்சுபோச்சாம். புதுசு அவரு பையிலயே இருக்குதாம். எஞ்சின நிறுத்தி மாத்தப் பத்து நிமிசம் ஆகுமாம். 'நிறுத்தட்டுங்களா'ன்னு கேக்கறாரு."

அவர் என்னிடம் ஒன்றைக் கேட்டுச் செய்தது அதுதான் முதல்முறை.

"நிறுத்தக் கூடாதுன்னு சொல்லு. பத்து நிமிஷம் இல்லை எங்கிட்ட."

அவள் போனாள். உடனே திரும்பி வந்து, "காஞ்ச மரக்குச்சி ஒண்ணு வேணுமாம், ஈரமே இருக்கக் கூடாதாம்" என்றாள். மழையில் காய்ந்த குச்சிக்கு எங்கே போவது? மேஜையில் நோட்டுமேல் கிடந்த மர ஸ்கேலைக் கண்ணால் காட்டினேன். எடுத்துச் சேலைக்குள் மறைத்துக்கொண்டு ஓடினாள்.

கொஞ்ச நேரத்தில் விளக்கு வெளுத்தது. ஒரு நடுக்கம் இருந்தது, ஆனாலும் வெளிச்சம் வெளிச்சம்தான். சளி மெஷின் எடுத்துக்கொண்டது. தொண்டை துப்புரவானதும் டாக்டரம்மா மறுபடி காற்றுக் கொடுத்தார். நெஞ்சு ஏறி இறங்கியது. சூட்டு விளக்கு சுட ஆரம்பித்தது. நான் துடிப்பை எண்ணிக்கொண்டேயிருந்தேன். எத்தனை நிமிடம் என்று நோட்டில் எழுதியிருக்கிறேன், எனக்கோ அது ஒரு நாள் முழுக்க. கடைசியில் பூனைக்குட்டி மாதிரி ஒரு முனகல். பிறகு அழுகை. அதன் அம்மா அழுதாள், பாப்பாத்தியக்கா அழுதாள். நான் துடிப்பை எண்ணுவதை நிறுத்தவில்லை.

குழந்தைக்கு மூக்கில் ஆக்சிஜன் வைத்துவிட்டு, கொட்டகைக்குப் போனேன். அவர் வந்து நாற்பது நிமிடம் ஆகியிருந்தது.

மெஷினின் பின்மூடி கழன்று கிடந்தது. அவர் குனிந்து, ஒரு முழங்காலை ஊன்றி, என் ஸ்கேலின் முனையால் அந்தத் தேய்ந்த கரித்துண்டைச் சுற்றுகிற வளையத்தின்மேல் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தார். ஸ்பிரிங் செய்ய வேண்டிய வேலையை அவர் கை செய்துகொண்டிருந்தது. முனையில் பொறி பறந்தது. கை கொஞ்சம் தளர்ந்தால் உள்ளே விளக்கு மங்கும், உடனே அழுத்துவார். வலது கை மரத்துப்போய் இடது கையால் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டிருந்தார். நான் வந்தது எஞ்சின் சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை. என்னைப் பார்த்ததும், "அழுதுச்சுங்களா?" என்று கத்தினார்.

"அழுதுச்சு" என்றேன்.

அப்போதுதான் அவர் சிரித்துப் பார்த்தேன். கையை எடுக்கவில்லை. ஐந்து மணிக்கு மெயின் கரண்டு திரும்பி வரும்வரை எடுக்கவில்லை.

கரண்டு வந்ததும் எஞ்சினை நிறுத்தினார். சட்டைப் பையிலிருந்து, நான் சுண்ணாம்பு என்று நினைத்திருந்த அந்த டப்பாவை எடுத்துத் திறந்தார். பஞ்சுக்கு நடுவில் இரண்டு புதிய பிரஷ். மாற்றி முடிக்கப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு வார்டு வாசலுக்கு வந்தார். அதுவரை அவர் வாசற்படி தாண்டி உள்ளே எட்டிப் பார்த்ததேயில்லை.

"சிஸ்டர், இது சும்மா ஓடறப்ப வோல்ட்டு செரியாத்தான் காட்டுச்சு. அப்ப காந்தத்துக்குக் கொஞ்சூண்டு சோறு போதும். லோடு ஏறுனா அது நெறையக் கேக்கும். தேஞ்ச பிரஷ்ஷால குடுக்க முடியல."

"ஒன்பது வாரமா நான்தான் கையெழுத்துப் போட்டேன்" என்றேன். "மேனேஜருக்கு எழுதினதும் நான்தான்."

"தெரியுமுங்க. படிச்சுக் காட்டுனாரு. 'முன்னறிவிப்பு ஏதுமின்றி'ன்னு எழுதியிருந்தீங்க. அது செரிதானுங்க. புள்ளைக்கு ஊசி போடறப்ப எறக்கிட்டேன்." காலி டப்பாவைப் பையிலிருந்து எடுத்தார். "தப்பு எம்பட மேலயும் இருக்குது. மூடியக் கழட்டி பிரஷ்ஷப் பாக்கறதுக்கு மேனேஜரு ஒண்ணும் வேண்டாங்கலீங்க. எறக்க உடமாட்டேன்னுட்டாங்கன்னு வீம்புக்குப் பாக்காம உட்டுட்டேன். பாத்திருந்தா அன்னிக்கே மாத்தியிருப்பேன். டப்பா பையிலயேதான் கெடந்துச்சு."

இருவரும் குழந்தையைப் பார்த்தோம். ஆக்சிஜன் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. இரவு முழுக்க அது ஓட வேண்டும். வெளியே மழை விடவில்லை. கரண்டு இன்னொரு முறை போகாது என்று யார் சொல்வது?

"லோடு பாக்கோணுங்க" என்றார். "புது பிரஷ்ஷு வளையத்துல நல்லா ஒக்காந்துச்சான்னு இப்பவே தெரிஞ்சாகோணும். எறக்கட்டுங்களா?"

மேனேஜர் உத்தரவு இருந்தது. அதைச் சொல்லித் தப்பித்திருக்கலாம். இறக்கினால் அரை நிமிடம் அந்த மூக்குக்குக் காற்று இல்லை. இறக்காமல் விட்டால் இரவில் எப்போதோ, யாரும் கேட்காமலே, இறங்கும்.

டாக்டரம்மாவைப் பார்த்தேன். "உன் வார்டு, நீ சொல்லு" என்றார்.

குழந்தையை எடுத்து அதன் அம்மாவின் நெஞ்சோடு, தோலோடு தோல் படும்படி வைத்துப் போர்த்தினேன். காற்று அமுக்கும் பையைக் கையில் எடுத்துக்கொண்டேன். கெய்சர், தண்ணீர் மோட்டார், ஊசி வேக வைக்கும் பெட்டி, எல்லா விளக்கு, எல்லா ஃபேன், ஒன்று விடாமல் போடச் சொன்னேன்.

"இறக்குங்க" என்றேன்.

இருண்டது. அந்த அறையில் இருந்த எல்லோரும் எண்ணினோம். குழந்தையின் அம்மாவும் எதற்கென்று தெரியாமலே எங்களோடு சேர்ந்து எண்ணினாள். பதினேழில் எஞ்சின் உறுமியது. எனக்கு ஆறுதல் வரவில்லை. பதினெட்டு, பத்தொன்பது, இருபது. இருபத்தொன்றில் விளக்கு வந்தது. வந்து, அத்தனை பாரமும் ஏறி, எஞ்சின் ஒருமுறை குரல் இறங்கி இழுத்து, நிமிர்ந்தது. வெளிச்சம் அசையவில்லை. ஆக்சிஜன் மெஷினைத் தொட்டுப் பார்த்தேன், ஓடிக்கொண்டிருந்தது.

ஒரு மணி நேரம் அப்படியே ஓடவிட்டார். பிறகு நோட்டைக் கேட்டார். எழுதிவிட்டு என்னிடம் தள்ளினார். பத்தாவது வரி: "லோடு பார்த்தது. சிஸ்டரைக் கேட்டுவிட்டுப் பார்த்தது."

ஸ்கேலை எடுத்தேன். முனை இரண்டு அங்குலத்துக்குக் கருகிப் போயிருந்தது. அதைக் கொண்டே கோடு போட்டேன். கருகின இடத்தில் பேனா தடுக்கிக் கோடு கோணியது. அப்படியே விட்டுவிட்டு, அதன் கீழே கையெழுத்துப் போட்டேன்.